உயர்த்துவதா, தாழ்த்துவதா?
பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களின் கவனத்திற்கு

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின்னர் சாம்பியன் ரீப்ஸ் மக்களின் பிழைப்பு பல வழிகளில் பிரிந்துவிட்டது. ஒரு சாரார் விடியுமுன் எழுந்து மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் களைத்துத் திரும்புகின்றனர். வேறு சிலர் ஊரிலேயே தங்கி, கையிலிருந்த சிறு முதலைக் கொண்டு தொழில் நடத்துகின்றனர். இவர்களுள் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதனை நம்பிக் குடும்பம் நடத்துவோரும் உண்டு. கோலார் மண்டிக்குத் தக்காளிப் பெட்டிகள், கல்யாண வீட்டுக்குப் பந்தல் கால்கள், வீடு மாறுவோருக்குக் கட்டிலும் பீரோவும் என்று அவ்வண்டி சுமக்காத சுமை இல்லை. அது நின்றால் அடுப்பும் நிற்கும் என்பதே பல வீடுகளின் நிலைமை.

அத்தகைய வீடுகளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. “வண்டி பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டுகிறது, நாலு அங்குலம் தூக்கிக் கட்ட வேண்டும்” என்பார் தந்தை. “தூக்க வேண்டாம் அப்பா, இறக்கிக் கட்டினால்தான் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், சாமான் ஏற்றவும் சுலபம்” என்பான் மகன். இருவர் சொல்லிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் இருவரும் பார்க்கத் தவறும் உண்மை ஒன்றும் இருக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விரு ஆசைகளும் பிறந்த கதை

வண்டியை உயர்த்தும் ஆசைக்கு மூலம் ஜீப் வண்டி எனலாம். இரண்டாம் உலகப் போரில் மேடு பள்ளம் பாராமல் ஓடிய வில்லிஸ் ஜீப்பை, 1940-களின் பிற்பகுதியில் மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கினர். உயரமாக நிற்கும் வண்டி எங்கும் போகும் என்ற எண்ணம் அதனுடன் நம் நாட்டில் வேரூன்றியது.

தாழ்த்தும் ஆசையின் வரலாறு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் இளைஞர்கள் பழைய கார்களை வாங்கித் தரையைத் தொடும்படி தாழ்த்தி, வண்ணம் தீட்டி, மெதுவாக ஓட்டி மகிழ்ந்தனர். சக்கரத்தின் இரும்பு வளையத்திற்குக் கீழே வண்டியின் எப்பகுதியும் இறங்கலாகாது என்று அம்மாநிலம் 1958-இல் சட்டம் செய்தது. அதற்கு மறுமொழியாக ரான் அகிர்ரே என்பவர், வேண்டும்போது உயரவும் வேண்டாதபோது தாழவும் கூடிய நீரழுத்தப் பொறியைத் தம் காரில் பொருத்தினார். பல ஆண்டுகள் நடந்த வாதத்திற்குப் பின் 2023-இல் அங்கே அத்தடைகள் நீக்கப்பட்டன. பிழைக்க வந்த இடத்தில் “இது எங்களுடையது” என்று காட்டும் ஆசை அதில் இருந்தது. அந்த ஆசை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருப்பது குற்றமன்று. ஆனால் அந்தக் கார்கள் திருவிழாத் தேரைப் போன்றவை. மூட்டை சுமக்கப் பிறந்தவை அல்ல.

வண்டி நிற்கும் விதம்

பழைய பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்புறம் கமான் பட்டைகளின் மீதே நிற்கிறது. வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் பல, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவில் யூ போல்ட்டுகளால் அச்சுடன் பிணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது வில் நிமிரும். இறங்கும்போது மீண்டும் வளையும். ஆயிரமாயிரம் முறை இவ்வாறு நிமிர்ந்து வளைந்த எஃகு நாளடைவில் தளர்கிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் இன்னும் விரைவில் தளர்கிறது. காற்றடி காலத்தில் நம் ஊர் மண் மேடுகளிலிருந்து பறக்கும் தூசியும் பட்டைகளின் இடையே புகுந்து தேய்க்கிறது.

இங்கேதான் தந்தையும் மகனும் காணத் தவறும் உண்மை இருக்கிறது. பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்த வண்டி பெரும்பாலும் முன்னமே தாழ்ந்துபோன வண்டி. யாரும் தாழ்த்தவில்லை, காலமும் பாரமும் தாழ்த்திவிட்டன. ‘தூக்கிக் கட்ட வேண்டும்’ என்னும் தந்தை உண்மையில் கேட்பது, வண்டி இழந்துவிட்ட உயரத்தையே.

உயர்த்தினால் என்ன ஆகும்?

உயர்த்துவதற்கு வழிகள் பல. பட்டைக்கும் அச்சுக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பர். கூடுதல் பட்டை சேர்ப்பர். பெரிய டயர் மாட்டுவர். முதலில் சொன்ன இரண்டினாலும் வண்டியின் உடல் உயருமே ஒழிய, அச்சு உயராது. அடி தட்டுவது பெரும்பாலும் பின் அச்சின் நடுவில் உருண்டு தொங்கும் டிபரன்ஷியல் உறைதான். அதன் உயரத்தை நிர்ணயிப்பது டயர் ஒன்றே. ஆகவே நாலு அங்குலம் தூக்கிக் கட்டிய பிறகும் அதே கல் அதே இடத்தில் தட்டும்! டயரின் குறுக்களவை 50 மில்லிமீட்டர் கூட்டினால் அச்சு உயர்வது 25 மில்லிமீட்டர் மட்டுமே. அதற்கு ஈடாகப் பிரேக்கின் வேலை கூடும். ஏற்றத்தில் இழுவை குறையும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்தே காட்டும்.

நஷ்டம் இதனோடு நில்லாது. பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கருதினால், அப்புள்ளியைப் பாரமையம் என்பர். வண்டி கவிழாது நிற்கும் வலிமையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையிலுள்ள அகலத்தில் பாதியைப் பாரமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 1,400 மில்லிமீட்டர், பாரமையத்தின் உயரம் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விடை 1. பாரமையம் 75 மில்லிமீட்டர் மேலே போனால் விடை 0.90 ஆகக் குறைகிறது. அதாவது வளைவில் கவிழாமல் நிற்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பெட்டிகளை உயர அடுக்கினால் மேலும் குறையும்.

நம்மில் பலருக்குச் சொந்த ஊர் வட ஆர்க்காட்டுப் பக்கம். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வி.கோட்டா வழியாகப் பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்குகிறோம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் மேற்கூறிய பத்தில் ஒரு பங்குதான் உயிருக்கும் உயிரின்மைக்கும் இடையே நிற்கும் சுவர்.

பிரேக்கின் செய்தி ஒன்றும் உண்டு. பல பிக்கப் வண்டிகளில், பின் அச்சுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதற்கேற்பப் பின் பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. வண்டியை உயர்த்தினால், பாரம் ஏறியிருந்தும் வண்டி காலியாக இருப்பதாக அது ஏமாந்துபோகும். பின் சக்கரம் போதிய அளவு பிடிக்காது. தாழ்த்தினாலோ, காலி வண்டியைப் பாரவண்டி என எண்ணிப் பின் சக்கரத்தை அளவுக்கு மீறி இறுக்கும். மழை நாளில் வண்டி வழுக்கிச் சுழலும்.

தாழ்த்தினால் என்ன ஆகும்?

தாழ்த்துவதிலும் நன்மை இல்லாமல் இல்லை. பாரமையம் இறங்குவதால் வளைவில் வண்டி உறுதியாக நிற்கும். தட்டு தாழ்ந்திருப்பதால் மூட்டை ஏற்றுவோர் முதுகு தப்பும். மகன் சொல்வதில் இவ்வளவும் மெய்யே.

ஆனால் தாழ்த்தும் முறையைப் பாருங்கள். பட்டைகளில் ஒன்றிரண்டைக் கழற்றுவர். அல்லது பட்டையின் வளைவை நிமிர்த்திவிடுவர். எந்தப் பட்டை பாரத்தைத் தாங்க வைக்கப்பட்டதோ, அதனையே எடுத்தெறிவது இது. அச்சு மேலே வருவதற்கு இருந்த இடைவெளியும் குறைவதால், சிறு பள்ளத்திலும் அச்சு ரப்பர்க் கட்டையில் மோதும். மோதும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி நேரே சட்டத்திற்குப் போய், பழைய சட்டத்தில் விரிசல் காணும். தெருவுக்குத் தெரு வேகத்தடை உள்ள நம் ஊரில், தாழ்ந்த வண்டி எவ்வாறு செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மயிலிறகுதானே என்று அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என வள்ளுவர் எச்சரித்தது நல்ல வண்டிக்கு. பட்டை கழற்றிய வண்டிக்கு அந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில் இவ்விஷயத்தைத் தெளிவாகக் கூறுகிறது. தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக, பதிவுப் புத்தகத்தின் குறிப்புகள் பொருந்தாமற் போகும்படி வண்டியை மாற்றுதல் ஆகாது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதனையே உறுதி செய்தது. அவ்வாண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உடல் ஊனமுற்றோருக்காகச் செய்யும் மாற்றங்களுக்கு முறைப்படி அனுமதி பெற இடமுண்டு.

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதையும் மறத்தல் கூடாது. மாற்றிக் கட்டிய வண்டி அங்கே தடைப்பட்டால், அன்று முதல் வருமானம் தடைப்படும். எல்லாவற்றிலும் கொடியது விபத்து நேர்ந்த பின் வரும் நிலை. அனுமதியற்ற மாற்றத்தைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டை மறுத்து வாதிடலாம். அப்போது ஈட்டுத் தொகை முழுவதும் உரிமையாளர் தலையில் விழுமானால், வண்டியோடு வீடும் போகும்.

மூன்றாவது வழி

அப்படியானால் செய்யத் தக்கது யாது? வண்டியை அது பிறந்த உயரத்திற்குத் திரும்பக் கொண்டுவருவதே. இது சட்டத்திற்கும் உகந்தது. தந்தையின் குறையும் இதனால் பெருமளவு தீரும்.

முதலில் வண்டியைக் காலியாகச் சமதரையில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் உரிய காற்றடித்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுக. இடமும் வலமும் மாறுபட்டால், ஒரு பக்கத்துப் பட்டை தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம். பின்னர் வழக்கமாக ஏற்றும் பாரத்துடன் மீண்டும் அளக்க வேண்டும். பாரம் ஏறியதும் பட்டை வளைவு நீங்கி எதிர்ப்புறம் கவிழ்ந்துவிட்டால், ஒன்று பட்டை தளர்ந்துவிட்டது. அல்லது பாரம் மிகுந்துவிட்டது.

தளர்ந்த பட்டையைக் கமான் பட்டறையில் கொடுத்துச் சீர்செய்யலாம். வெறும் சுத்தியலால் அடித்து வளைத்தது சில மாதங்களில் மறுபடியும் தொய்யும். முறையாகச் சூடேற்றி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் பதம் செய்த பட்டையே நிலைக்கும். விரிசல் கண்ட பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டுதல் கூடாது. புதியது மாற்றுவதே முறை. இரு பக்கமும் ஒருசேரச் செய்ய வேண்டும். தேய்ந்த புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட்டுகள், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது நலம். யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டத்திற்குப் பின் மறுபடியும் முடுக்க வேண்டும். புதிய பட்டைகள் படிந்ததும் அவை தளரும்.

இதற்கெல்லாம் முன்னதாக, சட்டத்தின் அடியில் விளக்குப் பிடித்துப் பார்ப்பது அவசியம். சட்டமே துருவேறி விரிசல் விட்டிருந்தால், பட்டைக்குச் செலவிடும் பணம் வீண். அவ்வண்டிக்கு ஓய்வு கொடுப்பதே குடும்பத்திற்குச் செய்யும் நன்மை.

சுரங்கம் கற்பித்த பாடம்

பாரத்தின் வரம்பைப் பற்றி நம்மவர்க்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்ற சாம்பியன் ரீப் சுரங்கத்தில், நம் பாட்டன்மார் கூண்டில் ஏறி இறங்கினர். கூண்டில் இத்தனை பேர்தான் என்றால் இத்தனை பேர்தான். ‘இன்னும் ஒருவர் ஏறினால் என்ன’ என்று யாரும் வாதிடவில்லை. தொங்குவது ஒரு கம்பி வடத்தில் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். அந்த வடத்தைத் தவறாமல் சோதிக்கும் கட்டுப்பாடும் அங்கே இருந்தது. மேலே தெருவில் ஓடும் வண்டிக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும். பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள எடைக்கு மேல் ஏற்றாதிருந்தாலே, சீர்செய்த பட்டை பல ஆண்டுகள் உழைக்கும்.

இறுதியாக, மகனின் ஆசையைப் பற்றி ஒரு சொல். வண்டி அழகாக இருக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளை, அந்த வண்டியைத் தன்னுடையதாகக் கருதும் பிள்ளை. அவனை அதட்டி அடக்குவது தவறு. துருவைச் சுரண்டி, பதிவிலுள்ள அதே நிறத்தில் புது வண்ணம் பூச அவனை விடுங்கள். அளவெடுக்கும் டேப்பையும் அவன் கையிலேயே கொடுங்கள். நான்கு மூலையும் ஒரே மட்டமாக நிற்கும் பழைய வண்டியைப் போல் எடுப்பான காட்சி வேறில்லை என்பதை, அளந்து முடிக்கும்போது அவனே உங்களுக்குச் சொல்வான்.