பெயரற்ற ஒலிப்பதிவுகளில் அருளிச்செயலை இனங்காணுதல்

திவ்யப்பிரபந்த ஸேவையையும் பெரியோர்களின் காலக்ஷேபங்களையும் ஒலிநாடாக்களில் பதிந்து காத்துவந்த திருமாளிகைகள் பல, இப்போது அவற்றைக் கணினியில் ஏற்றி வருகின்றன. ஏறிய கோப்புகளோ ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்று எண்ணளவில் நிற்கின்றன. நாடாவின் அட்டையில் மையால் எழுதிய குறிப்பு ஒலியோடு கூட வருவதில்லை. இடையே குறுந்தகட்டில் ஏற்றி வைத்தவர்களுக்கும் இதே நிலைதான். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் மூல அமைப்பில் தலைப்புக்கு இடமே வகுக்கப்படவில்லை. கணினி காட்டும் தலைப்புகள் பெரும்பாலும் இணையத் தரவுத்தளத்திலிருந்து வருபவை.

இத்தகைய கோப்புகளை இனங்காண ‘மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு’ போன்ற மென்பொருள்கள் உள்ளன. அவை ஒலியிலிருந்து ஒருவகைக் கைரேகையைக் கணித்து, முன்பே பதிவான கைரேகைகளோடு ஒப்பிடுகின்றன. அவை அறிவது ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவையே. ஓதப்படும் நூலை அன்று. ஒரே திருவாய்மொழியை இரு கோஷ்டிகள் சேவித்தால், அக்கருவிக்கு அவை இரண்டும் தொடர்பற்றவை. வெளியீடு காணாத இல்லப் பதிவுக்கு அங்கே விடை கிடைப்பது அரிது.

ஆயினும் அருளிச்செயல் தன் அடையாளத்தைத் தன்னுள்ளேயே கொண்டது. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டவை. ஒரு பதிகத்தின் ஈறு அடுத்த பதிகத்தின் தொடக்கமாகிறது. ஆகவே அறுபது நிமிட நாடாவின் ஒருபக்கம் முப்பதாம் நிமிடத்தில் ஒரு பதிகத்தின் முடிவோடு நின்றுபோனாலும், மறுபக்கம் எது என்பதை அதன் முதற்சொல்லே காட்டிவிடும். கலைந்து கிடக்கும் நாடாக்களை வரிசைப்படுத்த இதனினும் உறுதியான துணை வேறில்லை. பதிக எல்லையை, ஆழ்வார் திருநாமமும் பயனும் கூறும் நிகமனப் பாசுரம் காட்டும். பதிகந்தோறும் பாசுரங்கள் பதினொன்று. பன்னிரு திருநாமங்களை முறையே பாடும் இரண்டாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழி மட்டும் பதின்மூன்று. இறுதிப் பாசுரத்தை இரட்டித்துச் சேவிக்கும் கோஷ்டியில் எண்ணிக்கை ஒன்று கூடும் என்பதை எண்ணுபவர் மறக்கலாகாது.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. மணவாள மாமுனிகளின் திருவாய்மொழி நூற்றந்தாதி, பதிகத்துக்கு ஒரு வெண்பாவாக, அந்தந்தப் பதிகத்தின் முதற்சொல்லில் தொடங்கி ஈற்றுச்சொல்லில் முடிவது. முதற்சொல்லை மட்டும் கேட்டுப் பெயரிடுபவர், நூற்றந்தாதியைத் திருவாய்மொழி என்று எழுதிவிடுவர். யாப்பைச் செவிமடுத்தால் இம்மயக்கம் தீரும்.

பெரிய திருமொழிக்கு அந்தாதித் துணை இல்லை. திவ்யதேசத்தின் திருநாமம் பல இடங்களில் வழிகாட்டும் என்றாலும், எட்டாம் பத்து முழுவதுமே திருக்கண்ணபுரத்தைப் பற்றியது. அங்கே ஊர்ப்பெயர் பத்தைத் தான் தரும், திருமொழியைத் தராது.

உபந்யாஸப் பதிவுகளில் வேலை இன்னும் நுட்பமானது. பாசுரத்தை அறிந்தால் மட்டும் போதாது. சொல்லப்படுவது ஈட்டின் பொருளா, பன்னீராயிரப்படியின் பொருளா, இரண்டும் கலந்ததா என்பதை நூலை முன்வைத்துக் கொண்டே கேட்க வேண்டும். பதிகத் தொடக்கத்தில், முன் திருவாய்மொழியோடு இதற்குள்ள ஸங்கதியைச் சொல்வது உரை மரபு. அப்பகுதி அகப்பட்டால் முந்தைய கோப்பும் சேர்ந்தே தெளிவாகும்.

நூலை நூலே காட்டிக்கொடுக்கும். சொன்னவர் யார் என்பதை அது காட்டாது. தொடக்கத்தில் வருவது மாமுனிகள் தனியனா, தேசிகர் தனியனா என்பது ஸம்ப்ரதாயத்தை அறிவிக்குமேயன்றி ஆளை அன்று. குரலும் முழு நம்பிக்கைக்குரியதன்று. தேய்ந்த இயந்திரத்தில் நாடா சற்று விரைந்தோ தளர்ந்தோ ஓடியிருந்தால் சுருதியே மாறிவிடும். மாறிய சுருதியில் பழகிய குரல் வேற்றுக்குரலாகவும், வேற்றுக்குரல் பழகியதாகவும் கேட்கும். ஆசையால் ஒரு மஹானின் திருநாமத்தை எழுதிவிட்டால், பிரதிகள் பெருகியபின் அதைத் திரும்பப் பெற இயலாது. அவர் சொல்லாத ஒன்று அவர் வாக்காகவே நிலைத்துவிடும். அந்த கோஷ்டியில் அந்வயித்த முதியோர் இன்று சிலரே. முதலில் அவர்கள் செவிக்குக் கொண்டுசெல்ல வேண்டியவை பாசுரம் அறியப்பட்ட பதிவுகள் அல்ல. ஆள் அறியப்படாத பதிவுகள்.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் பெரும்பகுதி அழிந்தபோது, மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டுமே உரை அருளினார், எஞ்சியதைத் தொடவில்லை. ஒலிக்கோப்பிலும் அவ்வாறே மூலத்தை மாற்றாமல் தனியே வைத்து, அதன் பிரதியிலேயே பெயரிடுதல் தக்கது. ‘திருவாய்மொழி 2-7, நிகமனத்தாலும் எண்ணிக்கையாலும் அறியப்பட்டது, ஸேவித்தவர் தெரியவில்லை’ என்று எழுதி, பழைய எண்ணையும் இன்ன பக்கம் என்பதையும் உடன் குறித்தால், பின்னர் கேட்பவர் ஒருவர் எஞ்சிய பெயரை நிரப்ப இடமிருக்கும்.