கைகளே துடுப்பாக: அலைச்சறுக்கின் முதற்பாடம்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் மடுல்சீமை, பசறை, லுணுகலை மலைகளிலிருந்து கிழக்கே இறங்கி, மொனராகலையையும் சியம்பலாண்டுவையையும் கடந்து செல்லும் வழி பொத்துவில்லில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே அமைந்துள்ள அறுகம் குடா, உலகின் பல நாட்டு அலைச்சறுக்கு வீரர்களும் பெயர் சொல்லித் தேடிவரும் இடமாகும். மலையையும் குடாவையும் இந்த வழி மட்டும் இணைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாப் பக்கமாக உலர்ந்து இறங்குவதால், ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் தனித்த மணம் கூடுகிறது. கிழக்குக் கரையில் கச்சான் என்று அறியப்படும் அதே உலர்காற்று, காலை வேளைகளில் தரையிலிருந்து கடல் நோக்கி வீசி, குடாவில் எழும் அலைகளின் முகத்தைக் குலையாமல் நிமிர்த்தி வைக்கிறது. அலைகளோ இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் வீசும் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை. கொழுந்துக்கு நல்ல பருவமும் அலைக்கு நல்ல பருவமும் ஒருங்கே அமையும் இந்த மாகாணத்து இளைஞர்கள், அக்குடாவில் வேடிக்கை பார்ப்பவர்களாக மட்டுமே நிற்க வேண்டிய காரணம் எதுவுமில்லை.

அலைச்சறுக்கு என்பது நீண்ட பலகையொன்றின் மேல் நின்று, உடையும் அலையின் சரிவில் வழுக்கிச் செல்லும் விளையாட்டு. படங்களும் விளம்பரங்களும் நிற்கும் அந்தக் கணத்தையே காட்டுவதால், எழுந்து நிற்பதே கற்க வேண்டிய வித்தை என்று புதியவர்கள் எண்ணிவிடுகின்றனர். போட்டியாளர்கள் நீரில் கழிக்கும் நேரத்தைப் பகுத்து அளந்த ஆய்வுகள் தரும் கணக்கு வேறு: ஏறக்குறைய பாதி நேரம் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளுவதிலும், எஞ்சியதில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பதிலும் கழிய, அலையின் மேல் நிற்கும் நேரம் நூற்றுக்குப் பத்தை எட்டுவதில்லை. கைகளைத் துடுப்பாக்கிப் பலகையைச் செலுத்தும் இச்செயலே துடுப்பிடல். கரையிலிருந்து வெளியே செல்வதும், அலை உடையும் இடத்தில் நிலைகொள்வதும், அலையைப் பிடிப்பதும், பாறைப் பக்கம் இழுக்கப்படும்போது விலகுவதும் இதனாலேயே நடைபெறுவதால், துடுப்பிடலில் தேறாதவருக்கு எழுந்து நின்று பழகும் வாய்ப்பே அரிதாகத்தான் வாய்க்கிறது. தோள்வலிமை மிக்கவர்களும் முதல் நாளில் கால் மணி நேரத்திலேயே களைத்துப் போவதைக் காணலாம். அவர்களது கைகளின் உழைப்பைப் பலகையின் தவறான சாய்வு விழுங்கிவிடுகிறது.

ஆகவே கையை அசைப்பதற்கு முன் படுக்கும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். பழகுநர்களுக்கு வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மெத்தென்ற மேற்பரப்புடைய, 8 அடி அல்லது அதற்கு மேல் நீளமான பலகைகள். அவற்றின் முன்பகுதி முனை என்றும், செட்டை பொருத்தப்பட்ட பின்பகுதி வால் என்றும், இரு பக்கங்களும் விளிம்புகள் என்றும் கூறப்படும். உடல் பின்தள்ளிக் கிடந்தால் வால் அமிழ்ந்து முனை வானம் பார்க்கிறது. சுமை முழுவதும் பின்புறம் குவிந்த கொழுந்து லொறியின் முன்சில்லுகள் ஏற்றத்தில் நிலத்தைப் பிடிக்காதது போல, அத்தகைய பலகை முன்னேறுவதற்குப் பதிலாகத் தன் வயிற்றால் நீரை உழுகிறது. உடல் முன்தள்ளிக் கிடந்தால், தட்டையான நீரில் பலகை விரைவாகவே செல்லும். ஆனால் அலையின் சரிவு வந்த கணமே முனை நீருக்குள் குத்தி, ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரியான இடம் மிகக் குறுகியது. அசையாத நீரில் முனை இரண்டு மூன்று விரற்கடை அளவே மேலே நிற்க வேண்டும் என்பது பொதுவான அளவு.

இந்த இடத்தைக் கண்டறியச் செவியும் உதவும். இடுப்பளவு நீரில் பலகையில் படுத்து, சில முறை துடுப்பிட்டு வேகம் பெற்றபின் கைகளை நிறுத்திக் கவனித்தால், முனைக்கு அடியில் நீர் சளசளவென்று அடிக்கும் ஓசை உடல் பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். நான்கு விரற்கடை முன்னே நகர்ந்து மீண்டும் செய்தால் ஓசை மெலிந்து, பலகை முன்னிலும் நெடுந்தூரம் தானாகவே ஓடுவதை உணரலாம். ஓசை அடங்கி, முனையும் அமிழாத நிலை கிடைத்ததும், மோவாய்க்கு நேர் கீழே பலகையில் ஒரு சிறு ஒட்டுத்தாளையோ மெழுகுக் கோட்டையோ அடையாளமாக இட்டுக்கொள்வது நல்லது. அடுத்த முறை படுக்கும்போது தடவித் தேடும் நேரம் மிஞ்சும். அலை நெருங்கிவரும் பரபரப்பில் அந்த அடையாளம் பெரும் துணையாகும். இடவலமாகவும் இதே கவனம் தேவை: நெஞ்செலும்பு பலகையின் நடுக்கோட்டின் மேல் அமையாவிட்டால் ஒரு விளிம்பு தாழ்ந்து, பலகை அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும்.

படுத்தபின் உடல் இருக்க வேண்டிய நிலையை நீச்சலோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். அலைச்சறுக்கை உலகறியச் செய்த ஹவாய்த் தீவினரான டியூக் கஹனமோக்கு, 1912 ஸ்டொக்ஹோம், 1920 அன்ட்வேர்ப் ஒலிம்பிக் விழாக்களில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர் என்பதிலிருந்து இவ்விரு திறன்களின் உறவு தெரியவரும். எனினும் நீந்துபவரின் உடல் ஒவ்வொரு கைவீச்சுக்கும் பக்கவாட்டில் உருண்டு தோளுக்கு இடங்கொடுக்கிறது. பலகையில் படுத்திருப்பவர் அவ்வாறு உருண்டால் பலகையும் சேர்ந்து ஆடி வேகத்தை இழக்கிறது. உருளாமலே தோள் தாராளமாகச் சுழல வேண்டுமென்றால் நெஞ்சு பலகையிலிருந்து சற்று உயர வேண்டும். எனவே கீழ்விலா எலும்புகளில் பாரம் தங்க, கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வாலின் மேல் அசையாமல் கிடக்க, தலை நேராக நின்று கண்கள் தொலைவை நோக்க வேண்டும். புதியவர்கள் சமநிலைக்காகக் கால்களை அகட்டி இருபுறமும் நீரில் தொங்கவிடுகின்றனர். தொங்கும் கால் நங்கூரம் போல் இழுக்கும்.

கைவீச்சு விளிம்பை ஒட்டித் தொடங்குகிறது. முழங்கை உயர்ந்து நிற்க, விரல்நுனிகள் முதலில் நீரைத் துளைத்து நுழைய வேண்டும். உள்ளங்கையால் நீரை அறைந்தால் கையோடு காற்றுக்குமிழிகளும் இறங்கி, பிடிக்க வேண்டிய நீர் நழுவிப்போகிறது. நுழைந்த கை ஆழமாக இறங்கியதும் முன்கை முழுவதும் ஒரு தட்டுபோல் நிமிர்ந்து, விளிம்புக்கு இணையாக இடுப்புவரை நீரைப் பின்னே தள்ளி, பின்னர் தளர்ந்து வெளியேறி முன்னே வருகிறது. விரல்களை இறுக மூடிக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. நீரியக்க ஆய்வுகளின்படி விரல்களுக்கிடையே சிறு இடைவெளி இருந்தால் கை சற்றே கூடுதலான நீரைத் தடுத்துப் பிடிக்கிறது, முன்கைத் தசைகளும் களைப்பதில்லை. ஒரு கை நீரை விடும்போது மறு கை பிடித்துக்கொண்டால் பலகை நிற்காமல் ஓடும். இரு கைகளையும் ஒன்றாக வீசுபவரின் பலகை ஓடியும் நின்றும் செல்வதால், ஒவ்வொரு வீச்சிலும் அதை மீண்டும் கிளப்ப வேண்டியிருக்கிறது. வெளியே செல்லும்போது நிதானமான நீண்ட வீச்சும், அலையைப் பிடிக்கும்போது ஆழமான விரைந்த வீச்சும் வேண்டும்.

அலையைப் பிடிப்பது பற்றி நிலவும் ஒரு தவறான எண்ணம் புதியவர்களை வீணாக வருத்துகிறது. அலையின் வேகத்துக்கு ஈடாகத் துடுப்பிட வேண்டும் என்பதே அது. 1 மீட்டர் உயரமுள்ள அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழமான இடத்துக்கு வரும்போது உடைகிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்கும் மேல். பயிற்சி பெற்ற போட்டியாளர்கூட முழுமூச்சாகத் துடுப்பிட்டு மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. எஞ்சிய வேகத்தைப் புவியீர்ப்பே தருகிறது: அலை வாலை உயர்த்தியதும் பலகை சரிவில் நிற்கிறது, சரிவில் நிற்கும் பொருள் கீழ்நோக்கி வழுக்கத் தொடங்குகிறது. பலகை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் வழுக்கல் உடனே கைகூடும். அசையாமல் கிடந்தால் அலை அதைத் தூக்கி இறக்கிவிட்டு அடியால் கடந்துபோகும். ஆகையால் துடுப்பிடல் அலை வந்து தொடுவதற்குச் சற்று முன்னரே தொடங்கி, பலகை வழுக்குவது உறுதியாகும் வரை தொடர வேண்டும். வால் உயர்வதை உணர்ந்ததும் அலை கிடைத்துவிட்டதென்று கைகளை நிறுத்தி எழ முயல்வதே புதியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. அந்த உணர்வுக்குப் பின்னும் இரண்டு மூன்று வீச்சு வேண்டும். பல அலைகள் கைநழுவுவது இவை விடுபடுவதாலேயே.

அறுகம் குடாவின் அமைப்பு துடுப்பிடக் கற்பவருக்கு இயல்பாகவே உதவக்கூடியது. அங்குள்ள அலைகள் முனையலை வகையைச் சேர்ந்தவை. அதாவது கடலுக்குள் நீண்ட நிலமுனையைச் சுற்றி வளைந்து, ஒரு நுனியில் உடையத் தொடங்கிக் கரை நெடுக வரிசையாக உடைந்து செல்பவை. அலை உடையும் பட்டைக்கு அப்பால் ஆழமான நீர் இருப்பதால், அலையை முட்டிக் கடக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போக முடியும். மெயின் பொயின்ட் எனப்படும் பிரதான முனையில் பாறைத் தரையும் பழகியவர்களின் நெரிசலும் இருப்பதால் அது புதியவருக்கு உரியதன்று. குடாவின் உட்புறம் ஒதுங்கியிருக்கும் பேபி பொயின்ட், பொத்துவில்லுக்கு வடக்கேயுள்ள விஸ்கி பொயின்ட், பாணமை வீதியில் உள்ள பீநட் பாம் ஆகியவையே பழகுநர்கள் வழமையாக நாடும் இடங்கள். அலைகள் கூட்டமாக வந்து, பின்னர் சிறிது நேரம் கடல் ஓய்வது வழக்கமாதலால், கரையில் நின்று அந்த ஓய்வைக் கணித்துப் புறப்படுவது பாதி உழைப்பை மிச்சப்படுத்தும். இந்தக் கணிப்பு தமிழ்க் கரைக்குப் புதியதன்று. துறைமுகம் கட்டப்படுவதற்கு முந்திய சென்னையில், கரைக்கு அப்பால் நின்ற கப்பல்களுக்குக் கடிதங்களைக் கொண்டுசென்ற கட்டுமரக்காரர்கள், அலைகளின் இடைவெளி பார்த்தே நுரைத்தெழும் கரையைக் கடந்தனர்.

உடல் நலன் பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 2004இல் ஹவாய் மருத்துவர்கள், முதன்முறையாகப் பலகை ஏறிய ஒன்பது பேரிடம் கண்ட முள்ளந்தண்டுப் பாதிப்பொன்றைப் பதிவு செய்தனர். விழுந்ததாலோ மோதியதாலோ வராத அது, பழக்கமில்லாத முதுகை நெடுநேரம் பின்வளைத்துப் படுத்திருப்பதால் முண்ணாணுக்குச் செல்லும் குருதி குறைந்து ஏற்படுவதாகக் கருதப்படுகிறது. மிக அரிதானதே, ஆயினும் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தவர்களும் உண்டு. முதல் நாட்களில் சில நிமிடங்களுக்கொரு முறை பலகையில் எழுந்து அமர்ந்து முதுகைத் தளர்த்த வேண்டும். திடீரெனக் கீழ்முதுகு வலித்துக் கால்கள் மரத்தாலோ தளர்ந்தாலோ, ஓய்வெடுத்துவிட்டுத் தொடரலாம் என்றெண்ணாமல் உடனே நீரைவிட்டு வெளியேறி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மலையில் வாழ்பவர் கடலுக்குப் போகுமுன் ஆயத்தமாவதற்கு வழிகள் உண்டு. குப்புறப் படுத்து, நெஞ்சை நான்கு விரற்கடை உயர்த்தி, பத்து எண்ணும்வரை நிறுத்தித் தளர்த்தும் பயிற்சிக்கு லயன் அறையின் தரையே போதும். முதுகு அந்த நிலைக்குச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ளும். பழைய சைக்கிள் டியூப் ஒன்றைத் தூணில் கட்டி, இடுப்பை மடித்துக் குனிந்து நின்று, முழங்கையை உயர்த்தியபடி இடுப்புவரை இழுத்தால் கைவீச்சின் பாதை தோளில் பதியும். ஆனால் நீச்சலுக்கு மாற்றாக எதுவும் இல்லை. கால் கயிறு எனப்படும், பலகையைக் கணுக்காலோடு பிணைக்கும் கயிறு அறுந்தால் கரை சேர்க்க வேண்டியது நீச்சலே. அருவித் தடாகங்களும் ஆற்றுமடுக்களும் நீச்சல் கற்கும் இடங்களல்ல. ஒழுங்கான தடாகமும் பயிற்றுநரும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கிட்டாத நிலை நீடிப்பது வருந்தத்தக்கது, மாற்றக்கூடியதும்கூட. அறுகம் குடாவிலேயே 2018இல் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகத்தை அமைத்தனர். இலங்கையில் அத்தகைய முதற்கழகம் அதுவே. கடற்கரையிலேயே பிறந்தும் கடலில் இறங்கும் வழக்கமில்லாதிருந்தவர்கள் அதன் மூலம் பலகை ஏறினர் என்பதை நோக்க, மலைப்பிள்ளைகளுக்கு அது எட்டாததென்று கொள்வதற்கில்லை.

கிழக்கின் பருவம் ஏப்ரல், மே அளவில் தொடங்கி ஒக்டோபரில் முடிகிறது. வடகீழ்ப் பருவக்காற்று அக்கரையைக் கலக்கத் தொடங்கியதும் அலைச்சறுக்கு தென்கரைக்கு இடம்பெயர்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெலிகம விரிகுடாவில், பாறையற்ற மணற்தரையின் மேல் சிற்றலைகள் உடைகின்றன. பதுளையிலிருந்து எல்ல, வெல்லவாய வழியாக இறங்குபவர் மாத்தறையைத் தாண்டி அங்கு சென்றடையலாம். இடுப்பளவு நீரில் நின்று பலகையில் ஏறிப் படுக்கவும், முனையின் ஓசையைக் கேட்கவும், அடையாளம் இடவும் அந்த மணற்தரை பாறை முனைகளைவிட ஏற்றது என்பதால், கற்றலை அங்கே தொடங்கிவிட்டு அடுத்த கச்சான் பருவத்தில் பொத்துவில் பக்கம் போவதே புதியவருக்குப் பாதுகாப்பான ஒழுங்கு.