கண் நன்றாக இருந்தும் எதிரே உள்ள தம்ளர் ஏன் தெரிவதில்லை?

கோட்டக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு அல்சைமர் நோய். கண்புரை எடுத்தாயிற்று, கண்ணாடியும் புதிது. ஆனாலும் எதிரே இருக்கும் தம்ளரைத் தேடுகிறார். கோளாறு எங்கே?

இருட்டிய கடற்கரையில் டார்ச் அடித்துச் செருப்பைத் தேடியிருக்கிறீர்களா? வெளிச்சம் விழும் இடம்தான் தெரியும். வலை, கயிறு, படகு என்று நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

நம் கவனமும் அப்படித்தான். கண் அனுப்பும் காட்சி மூளையின் பின்பக்கம் சேர்கிறது. அதில் எதைப் பார்ப்பது என்று டார்ச்சைத் திருப்புவதில், உச்சிக்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதிக்குப் பெரும்பங்கு.

அல்சைமரில் அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் மூளையில் சேர்கின்றன, நரம்பணுக்கள் அழிகின்றன. பாதிப்பு நினைவுப் பகுதியோடு நிற்பதில்லை, டார்ச்சைத் திருப்பும் அந்தப் பகுதிக்கும் பரவுகிறது. டார்ச் அணைவதில்லை. ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து விடுவித்து அடுத்த பொருளுக்கு நகர்த்துவதுதான் பாட்டிக்குப் பெரும்பாடு. மேசையில் சாமான் கூடக்கூடத் தேடலும் நீளும்.

நிறங்களின் வேறுபாட்டைப் பிரித்தறிவதும் மங்குகிறது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கரைந்துபோகும். 2004இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், நோய் முற்றிய 9 பேருக்கு அடர்சிவப்புத் தட்டும் தம்ளரும் கொடுத்தார்கள். உணவு சுமார் 25 சதவீதமும், குடிப்பது 84 சதவீதமும் கூடின. சின்ன ஆய்வுதான். ஆனால் ஒரு தட்டை மாற்றுவதில் நமக்கென்ன நஷ்டம்?

“எதிரேதானே இருக்கு!” என்று குரல் உயரும் முன், மேசையில் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, சிவப்புத் தம்ளரை மட்டும் வைத்துப் பாருங்கள்.