குட்டி நாய்தானே என்று விட்டுடாதீங்க!

வீட்டுக்குப் புதுசா நாய்க்குட்டி வந்தாச்சா? குழந்தையின் விரலைக் கவ்வும், புடவையைப் பிடித்து இழுக்கும். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற 4 முதல் 6 மாதம் வரை ஈறு குறுகுறுக்கும். இன்னும் அதிகமாகக் கடிக்கும். அது கெட்ட குணம் இல்லை. ஆனால் பழக்கமாகவும் விடக்கூடாது.

கடித்தவுடன் விளையாட்டை நிறுத்துங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் துரத்திக் கடிக்கும். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அது அடங்கியதும் முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுங்கள். அதைக் கடித்தால் தட்டிக்கொடுங்கள். அடிக்க வேண்டாம். அப்பா தடுப்பதைப் பிள்ளை அனுமதித்தால் குட்டி குழம்பிப்போகும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்.

அதெல்லாம் சரி, 'பல் லேசாத்தானே பட்டுச்சு' என்று இருந்துவிடலாமா? கூடாது! குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள். அதற்குள் அதை எந்த நாய் கடித்ததோ, நமக்கென்ன தெரியும்?

சின்னக் கீறலானாலும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: பச்சிலை, பத்தியம் என்று நாளைக் கடத்தாதீர்கள். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் எந்த வைத்தியமும் கைகொடுக்காது. குட்டிக்கு ஊசி போடவேண்டிய தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள்.