“நோகுதா உம்மா?” – மாணவத் தாதியர் பரிவைக் கற்கும் விதம்

சங்க அகப்பாடல் படிப்பிக்கும்போது செவிலித்தாய் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ‘செவிலியர்’ என்கிறார்கள். நாங்கள் ‘தாதியர்’ என்கிறோம். இரண்டு சொல்லுக்கும் வளர்ப்புத்தாய் என்ற பொருள் உண்டு. அந்தத் தாய்மையை ஓர் இளம்பிள்ளை எங்கே படிக்கிறாள்? உம்மா இடுப்பெலும்பு முறிந்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்த நாட்களில்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது.

நம் நாட்டில் அரச தாதியர் பயிற்சி 3 வருடம். வகுப்பறைப் பாடத்தோடு வாட்டுப் பயிற்சியும் சேர்ந்தது. படுக்கைப்புண் வராமலிருக்க, எழும்ப முடியாத நோயாளியை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறது. புரட்டுவதற்கு முன் செய்வதை வாட்டில்தான் கண்டேன். மூத்த சிங்களத் தாதி ஒருவர் கழுவித் துடைத்த கைகளை உரசிச் சூடாக்குவார். திரையை இழுப்பார். உம்மாவின் முக்காட்டைச் சரிசெய்வார். பிறகு “நோகுதா உம்மா?” என்று முகத்தைப் பார்த்தபடியே மெல்லப் புரட்டுவார். அந்த இரண்டு சொல்லையும் நோயாளிகளிடமே படித்தாராம். பக்கத்தில் நின்ற மாணவி எதையும் கொப்பியில் எழுதவில்லை. மூன்றாம் நாள் அவளும் கைகளை உரசினாள்.

மூச்சு எண்ணுவதும் அப்படித்தான். எண்ணப்போவதாகச் சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்த்த கையை விடாமலே நெஞ்சின் அசைவை எண்ணுகிறார்கள். பிடித்த கை நோயாளிக்கு ஆறுதலாகவும் இருக்கிறது.

அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பட்ரீசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில் தாதியின் வளர்ச்சியை 5 படிகளாக விளக்கினார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். தேர்ந்தவர் நிலைமையை முழுதாக உணர்ந்து செயற்படுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் தேர்ந்தவருக்கே பலவேளை சொல்ல வராது. சொல்ல வராததைப் பக்கத்தில் நின்றுதான் படிக்க வேண்டும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பார்த்துப் படிப்பவள் கெட்டதையும் படிப்பாள். ஓர் இரவு, தண்ணீர் கேட்ட கிழவியிடம் வேறொரு தாதி சீறி விழுந்தார். தரையிலும் நோயாளிகள், ஆள் போதாது, களைப்பு. மறுநாள் அந்த மாணவி அதே தொனியில் உம்மாவோடு பேசினாள். எனக்குச் சுருக்கென்றது. கேட்டுக்கொண்டிருந்த மூத்த தாதி அவளை ஏசவில்லை. உம்மாவின் தலையைத் தாங்கி, இரண்டு கரண்டி தண்ணீர் பருக்கினார். கோப்பையை மாணவியின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மிச்சத் தண்ணீரை அவள்தான் பருக்கினாள்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அனுபவமுள்ள தாதியர் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மூத்த தாதி போகும்போது, இன்றைய நோயாளி மட்டும் இழப்பதில்லை. அவரைப் பார்த்துப் படித்திருக்க வேண்டிய பிள்ளையின் கைக்கு நாளை வரப்போகிறவர்களும் இழக்கிறார்கள். வாட்டில் ஆள் போதாது என்று பேசும்போது, இதையும் சேர்த்தே நாம் பேச வேண்டும்.