ஊரின் அமைப்பும் காற்றின் தூய்மையும்

காற்று மாசு என்றதும் புகைபோக்கியும் வாகனமும் நம் நினைவுக்கு வருகின்றன. எந்த நிலத்தில் எது நிற்கிறது என்பதும் அவற்றுக்கு இணையாகக் காற்றின் தரத்தைத் தீர்மானிக்கிறது. துனிசில் 1332இல் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இதனைத் தொட்டுக் காட்டியுள்ளார். மக்கள் அளவு மீறி நெருங்கி வாழுமிடத்தில் காற்று கெடுகிறது. ஆகவே குடியிருப்புகளுக்கு நடுவே வெற்றிடங்கள் விடப்பட வேண்டும், அவற்றின் வழியே காற்று உலவும் என்பது அவர் கருத்து. கெட்ட காற்றே கொள்ளை நோய்க்குக் காரணம் என அவர் கொண்டது அக்கால மருத்துவத்தின் வரம்பு. காற்றோட்டம் பற்றிய அவரது நோக்கு இன்றும் பிழைபடவில்லை.

இந்நோக்குடன் குமரி மாவட்டத்து இரணியலைக் காண்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள். சென்னைக்கு அடுத்து நகர்மயம் மிகுந்த மாவட்டமாக அன்று இது விளங்கியது. ஆயினும் பெருநகர் என ஒன்றில்லை. இரணியல், திங்கள்நகர், வில்லுக்குறி, தக்கலை என ஊர்கள் சாலையைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று கலக்கின்றன. மேட்டில் தென்னையும் பலாவும் சூழ்ந்த விளைகளில் வீடுகள், தாழ்வில் ஏலா எனப்படும் வயல்வெளி, ஆங்காங்கே குளங்கள். இப்னு கல்தூன் வேண்டிய வெற்றிடத்தை நம் முன்னோர் நெல் விளைவித்தே பேணினர் எனலாம்.

இன்று ஏலாக்கள் பல முதலில் வாழைத் தோட்டமாகி, பின்னர் மண்ணிட்டு நிரப்பப்பட்டு, வீட்டுமனைகளாகின்றன. கடல் அருகிலிருக்கக் காற்று எப்படிக் கெடும் என்று கேட்போர் உண்டு. பகலில் கடற்காற்று உதவுவது மெய்யே. காற்று அடங்கிய இரவுகளிலோ குளிர்ந்த கனமான காற்று மேட்டிலிருந்து தாழ்வுக்கு இறங்கித் தேங்குகிறது. விடியும்வரை புகையும் அதனோடு தங்குகிறது. புதிய வீடுகள் எழுவது அத்தாழ்விலேதான். சாலையின் இருமருங்கும் மாடிக்கடைகள் நெருங்கும்போது வாகனப் புகை வெளியேற வழியின்றிச் சுழல்கிறது. அதன் நுண்துகள்கள் சாலையை ஒட்டிய நூறு, இருநூறு மீட்டருக்குள் மிகுந்திருக்கும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, மதரஸா யாவற்றையும் நாம் அந்த எல்லைக்குள்ளேயே கட்டுகிறோம்.

முந்திரி ஆலைகள் தனியே கருதத்தக்கவை. மக்கள் வழக்கில் இவை அண்டி ஆபீஸ். இம்மாவட்டத்தில் பெண்கள் பலருக்குப் பிழைப்பளிப்பவை. ஓட்டிலுள்ள எண்ணெயோடு கொட்டையை வறுக்கையில் கண்ணெரியும் புகையை எழுப்புபவை. ஆளற்ற விளையில் ஆலை தொடங்கப்பட்டு, பின்னர் அதைச் சுற்றி வீடுகள் வந்தால் யாருக்கு உரிமை? இவ்வினா புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டில் துனிசில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீ, கட்டடச் சட்டம் பற்றிய தம் நூலில் குளிப்பகத்தின் புகை, அடுப்பின் புகை, தோல் பதனிடுமிடத்தின் நாற்றம் ஆகியவற்றை அண்டை வீட்டாருக்கு இழைக்கும் தீங்குகளாகவே ஆராய்கிறார். பிறருக்குத் தீங்கிழைத்தலாகாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையே இவ்விவாதங்களுக்கு அடிப்படை. முன்பே இருந்தது என்ற காரணம் தீங்கைத் தொடரும் உரிமையைத் தருமா என்பதில் மாலிகி சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆலையை மூடுவதைக் காட்டிலும் வறுக்கும் முறையை மாற்றுவது மேல் என்றே நமக்குத் தோன்றுகிறது. நீராவியில் வேகவைக்கும் முறையில் இப்புகை பெரிதும் குறைகிறது, கூலியும் நின்றுபோவதில்லை.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் ஏறத்தாழ 130 நகரங்களை எடுத்துக்கொண்டது. நாகர்கோவில் அவற்றுள் இல்லை. ஆகவே இரணியல் போன்ற பேரூர்களின் நிலம் பற்றிய முடிவுகளை உள்ளூரார்தாம் எடுக்க வேண்டியிருக்கிறது. ஜமாஅத்துகளும் அவர்களுள் அடங்கும்.

பள்ளிவாசலையும் அடக்கத்தலத்தையும் சூழ்ந்த வக்ஃபு நிலங்கள், மரங்களுடன் கூடிய திறந்தவெளிகளாக ஊர்களுக்கு நடுவே எஞ்சியிருக்கின்றன. சாலை முகப்பில் கடைவரிசை கட்டி வாடகை பெறும் ஆவல் நிர்வாகங்களுக்கு எழுவது இயல்பு. அந்த வருமானத்தில் மதரஸாக்கள் நடக்கும்போது அதைக் குறைகூறுவது எளிதன்று. எனினும், முகப்பு முழுவதையும் சுவராக அடைக்காமல், கடைகளைச் சாலையிலிருந்து உள்வாங்கி, இடையிடையே வெளி விட்டு, நிற்கும் மரங்களை வெட்டாது வரைபடம் தயாரிக்க இயலும். இழப்பது இரண்டொரு கடையின் வாடகை.