நோயாளியின் கையெழுத்து செல்லுமா?

பனிக்கட்டி 0 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. கண்ணாடியைச் சூடாக்கிப் பாருங்கள். அதற்கு அப்படி ஒரு குறிப்பிட்ட புள்ளி கிடையாது. மெல்ல மெல்ல இளகிக்கொண்டே போகும். மனிதனின் முடிவெடுக்கும் திறனும் கண்ணாடியைப் போன்றதுதான். சட்டமோ நெடுங்காலம் அதைப் பனிக்கட்டியாகவே கருதி வந்தது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 1900-இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின்படி, மனநோயின் காரணமாக உரிமை நீக்கம் செய்யப்பட்டவர் ஐம்பது வயதினராயினும் ஏழு வயது நிரம்பாத குழந்தைக்குச் சமம். அவர் கையெழுத்து செல்லாது. எல்லாவற்றுக்கும் ஒரு காப்பாளர்தான். ஊதாரித்தனத்துக்கும் குடிப்பழக்கத்துக்கும்கூட உரிமையைக் குறைக்க அச்சட்டத்தில் வழியிருந்தது!

இதில் சிக்கியவர்களுள் ஒருவர் டேனியல் பவுல் ஷ்ரேபர். அவரே ஒரு நீதிபதி. 1893-இல் டிரெஸ்டன் நகர மேல் நீதிமன்றத்தில் உயர் பதவி ஏற்றவர், சில வாரங்களிலேயே நோயுற்றார். கடவுள் கதிர்களைச் செலுத்தித் தம் நரம்புகளோடு தொடர்புகொள்வதாக நம்பினார். மனநோய் மருத்துவமனையில் இருந்தபடியே, காப்பாளரை நீக்கக் கோரித் தம் வழக்கைத் தாமே எழுதி வாதாடினார். தம் அனுபவங்களை நூலாக வெளியிடவும் விரும்பினார். குடும்பத்தின் பெயர் கெடுமே என்ற அச்சம் எழுந்தது. (பெயர் கெடுவது நோயின் அறிகுறி என்றால் எத்தனை எழுத்தாளர்கள் தப்புவார்கள்?)

1902 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்பாளரை நீக்கியது. அவர் குணமடைந்துவிட்டார் என்று அது சொல்லவில்லை. நோய் இருக்கிறது, ஆனால் தம் காரியங்களை அவரால் கவனித்துக்கொள்ள முடியும் என்றது. நோய் வேறு, திறன் வேறு என்று பிரித்துப் பார்த்ததே இத்தீர்ப்பின் சிறப்பு. 1907-இல் அவர் மீண்டும் மருத்துவமனை சேர்ந்தார். 1911-இல் அங்கேயே இறந்தார். தீர்ப்பு தவறு என்பீர்களா? இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் தம் வீட்டில், தம் விருப்பப்படி வாழ்ந்தாரே!

உரிமை நீக்கம் என்ற முறையை ஜெர்மனி ஒழித்தது 1992-இல்தான். அதற்குப் பதிலாக வந்தவர் 'உதவியாளர்'. பணக் கணக்கில் தடுமாறுபவருக்குப் பணத்துக்கு மட்டும் உதவியாளர். எங்கு வசிப்பது என்பது அவர் விருப்பம். உதவியாளர் வந்துவிட்டார் என்பதாலேயே கையெழுத்து செல்லாமல் போகாது. வாக்குரிமை மட்டும் பின்தங்கியது. எல்லாக் காரியங்களுக்கும் உதவியாளர் உள்ளவர்களை வாக்களிக்க விடாதது தவறு என்று அரசமைப்பு நீதிமன்றம் 2019-இல்தான் கூறியது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. மறதி நோயுள்ள பாட்டி அடுப்பை அணைக்க மறக்கலாம். இனிக்கப் பேசும் அந்நியரிடம் சேமிப்பை இழக்கலாம். 2023-இல் திருத்தப்பட்ட சட்டம், உதவியாளர் அவருடைய விருப்பத்தின்படியே நடக்க வேண்டும் என்கிறது. நோயினால் அவரால் உணர முடியாத பெருங்கேடு அவருக்கோ அவர் சொத்துக்கோ நேரும் என்றால் விலக்கு உண்டு. அந்த எல்லையை எந்த வெப்பமானியும் காட்டாது. ஆகவேதான் உதவியாளரை அமர்த்துமுன் நீதிபதி கோப்பை மட்டும் படித்தால் போதாது; அந்தப் பாட்டியை நேரில் கண்டு பேச வேண்டும். பாட்டி விரும்பினால், அவர் வீட்டுக்கே போக வேண்டும்.